புருஷன்மாரைத் திருத்தும் தையல்கடை

"மூச்ச இழுத்துப் பிடிக்காதம்மா. அந்த அளவுக்குத் தச்சுட்டா, நீ மூச்சு விடுறப்ப பொத்தான் தெறிச்சு உம் புருஷன் கண்ணுல அடிக்கும். அவருக்கு இருக்கிறது ரெண்டே கண்ணு. பாக்க வேண்டியதோ நெறைய இருக்கு."

மலாக்காவில் காஜா பெராங்கிற்கு நான் வாழவந்த முதல் வாரத்தில், என் மார்பைச் சுற்றி நாடாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா சொன்ன முதல் வார்த்தை இது. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரப்பர் பால் எடுக்கிற கித்தாத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். கல்யாணம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கட்டிக்கொண்டவருக்கும் யாரும் சொல்லவில்லை என்பது அதைவிடப் பெரிய சங்கடம். ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி நாங்கள் இருந்தோம்.

அந்தத் தையல்கார அம்மா பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அவர் தையலக்காதான். உயரமாக, எலும்பும் தோலுமாக இருப்பார். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பார். அப்படியே பேசுவார். அத்தனை ஊசிக்கும் நடுவில் நுழைந்து வருகிற பேச்சு எப்படி இவ்வளவு வழுக்கலாக வருகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். முன்னறையில் துணி வாங்குவது, கொடுப்பது. உள்ளறைக்கு ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களுக்கு அனுமதி கிடையாது. ரவிக்கை தைக்க ஒரு நாள் போதும். ஆனால் எங்கள் பெண்களுக்கு அளவு கொடுக்க ஒரு நாள், அளவு சரிபார்க்க ஒரு நாள், கொக்கி வைக்க ஒரு நாள், சும்மா ஒரு நாள் என்று வந்துகொண்டே இருக்கத் தோன்றும். வேறு எங்கே போய் அப்படிச் சிரிப்பது?

அக்காவுக்கும் ஒரு புருஷன் இருந்தார். ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. புதிதாக வந்த ஒருத்தி தெரியாமல் அதைக் கேட்டுவிட்டாள். எல்லோரும் நெளிந்தோம். அக்கா மெஷினை நிறுத்தவேயில்லை.

"அவரா? அளவெடுத்துட்டு வர்றேன்னு கப்பல் ஏறுனாரு. எந்த ஊர்ல எந்த இடுப்போ, இன்னும் நாடா பத்தல போலருக்கு."

அது அவருக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வலியை வைத்து யாரும் தன்னைப் பார்த்து உச்சுக்கொட்ட அவர் விட்டதில்லை.

ஒருமுறை ஒரு பெண் வந்தாள். கை அளவு எடுக்கும்போது முழங்கைக்கு மேலே நீலம் பாய்ந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தார். நாடாவை அந்த நீலத்துக்குக் கீழே வரைக்கும் இறக்கிப் பிடித்து, "கை இது வரைக்கும் வைக்கிறேன், மறைஞ்சிடும்" என்றார். பிறகு கத்திரியை எடுத்து அவள் முன்னால் ஒரு தடவை திறந்து மூடினார். "இது துணிய மட்டுந்தான் வெட்டும்னு உம் புருஷன் நெனச்சுக்கிட்டு இருக்காரா? போயிக் கேளு. எந்த எடத்துலேருந்து வெட்டட்டும்னும் கேட்டுட்டு வா." அவள் குபீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் முதல்தடவையாக வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்காவுக்கு உயிர்த்தோழி ஒருவர் இருந்தார். மலாக்காச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியிலிருந்து தினமும் குடை பிடித்துக்கொண்டு நடந்து வருவார். அவர்கள் பேச்சில் வயதில் பெரிய பெண்ணை பிபிக் என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சாரோங், கெபாயாச் சட்டை, கொண்டையில் ஊசி, கையில் ஏதாவது ஒரு குவே பலகாரம். செட்டிகளுக்குச் சாமி எல்லாம் நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். பிபிக்குக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அக்கா சொல்லிக் கொடுத்தது. அதாவது, சபையில் சொல்லமுடியாத தமிழ் மட்டும்.

டவுனில் ஒரு துணிக்கடை பாய், மலாயில் பேரம் பேசிய பிபிக்குக்கு முழம் குறைத்து அளந்திருக்கிறார். பிபிக் அமைதியாகப் பார்த்துவிட்டு, அட்சரம் பிசகாத தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பாய் கையிலிருந்த கத்திரி கீழே விழுந்துவிட்டது. "யாரும்மா உங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். பிபிக் பெருமையாக, கூடப் போயிருந்த அக்காவைக் கைகாட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் இருவருக்கும் துணி எப்போதும் அரை முழம் கூடுதலாகவே கிடைத்தது.

இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் கச்சேரிதான். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர் முடிப்பார். ஒருவர் தமிழ், மற்றவர் மலாய். நடுவில் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவோம். அந்தப் பாயில் உட்கார்ந்துதான் என் உடம்பு என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது. பயப்பட வேண்டியது எது, சிரிக்க வேண்டியது எது என்றும் தெரிந்தது.

அந்தக் கச்சேரியே ஒருநாள் விபரீதமாகப் போயிற்று.

பிபிக்கின் கணவர் சாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மெர்போக் புறா வளர்ப்பார். விடிந்தால் கூண்டுகளைக் கம்பத்தில் ஏற்றிக் கட்டி, அது கூவுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மலாயில் புரோங் என்றால் பறவை. பெண்கள் மட்டும் இருக்கிற இடத்தில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஆண்களிடம் இருக்கிற பறவை.

அன்றைக்கு அக்கா நல்ல உற்சாகத்தில் இருந்தார். "என்ன பிபிக், உங்க வீட்டுல கூண்டு மட்டும் ரொம்ப ஜோரா இருக்காமே. புரோங்தான் எழுந்திரிக்கிறதே இல்லையாம். தீனி போடுறீங்களா, இல்ல, தடவிக் குடுக்குறதோட சரியா?"

பிபிக்கும்தான் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். திரைக்கு வெளியே யாரோ தொண்டையைக் கனைப்பது கேட்டது. மழை வருகிறதே என்று குடையைக் கொண்டுவந்த அவர் கணவர், முன்னறையில் நின்றுகொண்டிருந்தார். குடையை நாற்காலி மேல் வைத்துவிட்டு நனைந்துகொண்டே போய்விட்டார்.

பின்னாலேயே ஓடிய பிபிக் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. அடுத்த வாரம் அவர் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார்.

அக்காவும் நானும் சாவுக்குப் போனோம். பிபிக் பிணத்தின் அருகில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அக்கா போய் முன்னால் நின்றார். பிபிக் நிமிர்ந்து பார்த்தார். உடனே சட்டென்று முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. உறவுக்காரப் பெண் ஒருத்தி அக்காவின் கையைப் பிடித்து மெதுவாக வெளியே கூட்டிவந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பிபிக் வரவில்லை. அக்கா மறுபடி இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் பிபிக் உள்ளே எழுந்து போய்விட்டார். "என் வாயிதான் அந்த மனுசன அடிச்சுப் போட்டுடுச்சு" என்று அக்கா என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு அதையும் சொல்லவில்லை. ஊசியைக் கவ்விக்கொண்டார். அளவெடுத்தார், தைத்தார், கொடுத்தார். பெண்கள் ஒரே நாளில் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பல மாதம் இப்படியே போயிற்று.

மெர்டேக்கா வந்தது, மலாயாவுக்குச் சுதந்திரம். ஊரே பரபரத்துக்கிடந்தது. மெர்டேக்கா தேதியை அறிவித்ததே நம் பாடாங் திடலில்தான் என்று மலாக்காக்காரர்களுக்குத் தனிப் பெருமை. தெருச் சடக்கு நெடுகக் கொடி, வாசலெல்லாம் மின்விளக்கு. எங்கள் சங்கத்துக் கொட்டகையில் மேடை கட்டினார்கள். என் வீட்டுக்காரர்தான் சங்கத்துச் செயலாளர். கொண்டாட்டத்துக்குச் சரித்திர நாடகம் என்று முடிவாயிற்று. வழக்கம்போலப் பெண் வேஷமும் ஆண்களுக்கே. அதற்காக நாலு பேர் மீசையை எடுத்துவிட்டு வெட்கத்தோடு திரிந்தார்கள். பெண்களுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடும் பொறுப்பும் பாயசம் காய்ச்சும் பொறுப்பும் தரப்பட்டன.

அந்த நாலு பேருக்கும் ரவிக்கை தைக்கச் சொல்லிச் சங்கத் தலைவரே அக்காவிடம் வந்தார். நான் உள்ளே கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தலைவர் துணியை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"உள்ள... கொஞ்சம் பஞ்சு வைக்கணும்."

"எவ்வளவுங்க?"

"அதான்... ரொம்ப வேணாம். குடும்பப் பாங்கா இருக்கட்டும்."

அக்கா நாடாவைக் கையில் எடுத்தார். தலைவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் உதட்டோரத்தில் ஊசிகள் ஆட ஆரம்பித்தன. "குடும்பப் பாங்கான அளவு எனக்குத் தெரியாதுங்களே. எந்தக் குடும்பம்னு சொல்லுங்க, வீட்டம்மாவக் கூப்பிட்டு அளவெடுத்துக்கிறேன்."

தலைவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். நான் திரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு! அக்காவின் கண் பளபளத்தது.

"ஏய் பொண்ணு, நாலு ஆம்பள நம்மள மாதிரி வேஷம் கட்டலாம்னா, நாம அவனுங்கள மாதிரி கட்டக் கூடாதா?"

மறுநாளே பாய் நிறைந்துவிட்டது. நாடகத்தை யாரும் எழுதவில்லை, ஆளுக்கொரு வரியாக வாயாலேயே கட்டினோம். கதை இதுதான்: ஊரில் ஒரு தையல்கடை. அங்கே துணி தைப்பதில்லை. பொருந்தாத புருஷன்மாரைப் பெண்டாட்டிகள் கூட்டிக்கொண்டு வருவார்கள், கடைக்காரி பிடித்துத் தைத்து அனுப்புவாள். கடைக்காரி அக்கா. நான் சிறிய உருவம் என்பதால் சுருங்கிப்போன புருஷன் வேஷம் எனக்கு. பெண்கள் மட்டும் பார்ப்பது. கடவுள் வாழ்த்து ஒத்திகை என்று சொல்லி, கொண்டாட்டத்துக்கு முதல்நாள் மத்தியானம் கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டோம். சாவியைக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அவருடைய கால்சட்டையை எடுத்துப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டவள் நான். தெரிந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. ஆனாலும் போனேன்.

கொட்டகையில் இடமில்லை. பக்கத்து ஊர்களான செங்கிலிருந்தும் செமாபோக்கிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். இந்தச் செய்தி எப்படித்தான் போயிற்றோ! முன்வரிசையில் தலைவர் வீட்டம்மா, நெற்றி நிறைய விபூதியோடு. கதவைத் தாழ்போட்டோம். கரியால் மீசை வரைந்துகொண்டோம்.

முதல் பெண்டாட்டி தன் புருஷனை இழுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இதுக்குக் கை ரொம்ப நீளம். அடிக்கடி மேல படுது."

அக்கா நாடாவை வைத்து அளந்தார். "தோள்பட்டையோட எடுத்துரலாமா?"

கொட்டகை அதிர்ந்தது. கை தட்டியதில் முதல் ஆள், ஒருகாலத்தில் நீலம் பாய்ந்த கையோடு வந்த அந்தப் பெண்.

இரண்டாவதற்கு வாய் பெரியது. ஒரு தையல் போட்டு அனுப்பினார். அடுத்தது என் முறை. என் பெண்டாட்டியாக நடித்தவள் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்தாள்.

"அக்கா, வாங்குறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப அடிப்பாகம் சுருங்கிப்போச்சு."

அக்கா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சபையைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். "தண்ணியில போட்டியா?"

"கள்ளுத்தண்ணியில போட்டேன்."

"அதான்! சாயமும் போச்சு, சரக்கும் போச்சு."

நான் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கனமாக்கி, ஆம்பிளைக் குரலில் கேட்டேன். "கஞ்சி போட்டா நிக்குமா, அக்கா?"

இரண்டாம் வரிசையில் ஒருத்தி நாற்காலியிலிருந்து விழுந்தாள். தலைவர் வீட்டம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கும்வரை அக்கா காத்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"உள்ள என்ன நடக்குது? இதுதான் கடவுள் வாழ்த்தா? கதவத் தொறங்க!" தலைவர் குரல். "செயலாளர், நீங்களும் கேளுங்க!"

என் வீட்டுக்காரரும் வெளியே நிற்கிறார். எனக்கு மேஜை மேலேயே உயிர் போய்விட்டது.

தலைவர் வீட்டம்மா எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, விபூதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கதவை ஒரு விரற்கடை திறந்தார். "பொம்பளைங்க உடுப்பு மாத்திக்கிட்டு இருக்கோம். வர்றதுன்னா வாங்க."

வெளியே செருப்புச் சத்தம் அவசரமாக விலகிப் போயிற்று. அம்மாள் தாழ்போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். "ம். கஞ்சி போட்டா?" என்று அக்காவைக் கேட்டார்.

"போட்டா நிக்கும்மா. ஆனா காயிற வரைக்கும் தொடக் கூடாது. ஒனக்குத்தான் பொறுமை..."

அக்கா அந்த வரியை முடிக்கவில்லை. பின்பக்கம் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். வரி மறந்துவிட்டது என்று நினைத்து நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் காதில் விழவில்லை. சபை திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் செட்டிப் பெண்களுக்கு நடுவில் கறுப்புச் சாரோங்கில் பிபிக் எழுந்து நின்றுகொண்டிருந்தார். துக்கம் இன்னும் முடியவில்லை.

பிபிக் நடந்து வந்தார். வழிவிட்டார்கள். மேடைப் படியில் ஏறினார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அக்கா அசையவில்லை.

"தையல்கார்," என்றார் பிபிக், சபைக்குக் கேட்கிற குரலில், தன் தமிழில். "எம் புருஷன் இங்க கூட்டி வர முடியாது. செத்துப்போச்சு. ஆனா ஒரு கதை சொல்றேன்."

பின்வரிசைப் பெண்கள் முன்னால் நெருங்கி வந்தார்கள்.

"இவ ஒருநாள் எம் புருஷன் புரோங் எழுந்திரிக்காது சொன்னா. அது வெளிய நின்னு கேட்டுச்சு. மழையில வீட்டுக்குப் போச்சு. நான் பின்னாலயே ஓடுனேன். பயந்துட்டேன். அது ஒண்ணும் பேசல. சோறு தின்னுச்சு. தலை துவட்டுச்சு. அப்புறம் என்னைப் பாத்துச்சு..."

நிறுத்தினார். எந்த நடிகையும் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"எழுந்துச்சு! செத்துப்போற வரைக்கும் ஒவ்வொரு நாளும் எழுந்துச்சு! கூவுச்சு!"

கொட்டகைக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோயிருக்கும். பெண்கள் நாற்காலியைத் தட்டினார்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், தலைவர் வீட்டம்மா "முருகா, முருகா" என்று கத்திக்கொண்டே சிரித்தார். அக்கா வாயிலிருந்த ஊசிகளைக் கையில் துப்பிவிட்டு மேடையிலேயே உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதார். பிபிக் பக்கத்தில் குந்தி அவர் முகத்தைத் தன் சாரோங் நுனியால் துடைத்தார். மேஜைமேல் இருந்த எனக்கு அவர் மெதுவாகச் சொன்னது கேட்டது.

"உம்மேல கோவம் இல்ல, கீலா, பைத்தியம். செத்த வீட்டுல உன் மூஞ்சி பாத்தேன், சிரிப்பு வந்துச்சு. அதான் மூடிக்கிட்டேன். அப்புறமும் பாத்தா வரும். வீடு பூரா அதோட அண்ணன், அதோட தங்கச்சி உக்காந்திருக்கு. நான் எப்படி சிரிக்கும்?"

பிற்காலத்தில் இருவரும் ஒரே வீட்டுக்குக் குடிபோய், மலாக்காவிலேயே உஜோங் பாசிர் பக்கம் கடைசிவரை சேர்ந்தே இருந்தார்கள். அக்கா போய்ச்சேர்ந்து இப்போது வெகுகாலமாகிறது. சங்கத்தில் அப்போதே, இனிமேல் மேடைச் சாவியைப் பெண்களிடம் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த வருஷம் சாவியைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தவர் தலைவர் வீட்டம்மா.

ஆனால் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நாடகம்கூட இல்லை, அன்று விளக்கு வைத்த நேரம்தான்.

நான் முகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கோப்பி போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். நான் குவளையைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றேன்.

"என் கால்சட்டையக் காணோம்."

"தொவச்சுக் காயப்போட்டிருக்கேங்க."

"ம்." கோப்பியைக் குடித்தார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தமும் நடுநடுவே பிபிக்கின் குரலும் கேட்டன. "வெளிய நின்னேன்."

"தெரியுங்க."

"தலைவர் பேசிக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் சரியா வெளங்கல. உன் குரல்தான்னு மட்டும் தெரிஞ்சுச்சு. நீ என்னமோ கேட்ட. எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க." முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது சிவந்திருந்தது. "என்ன கேட்ட?"

கோபமா என்று பார்த்தேன். கோபம் இல்லை. தன்னைச் சேர்த்துக்கொள்ளாத விளையாட்டை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவர் முகம் அது. சொன்னேன். கள்ளுத்தண்ணி, அடிப்பாகம் எல்லாவற்றையும் சொன்னேன். குரலைக் கனமாக்கி என் வரியையும் சொல்லிக் காட்டினேன்.

அவர் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மெல்ல ஆடியது. பிறகு வெடித்தார். கோப்பி மூக்கில் ஏறி, மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, விக்கி விக்கிச் சிரித்தார். அவர் பல் முழுவதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

"தம்பி!" அக்காவின் குரல். "எதுக்குச் சிரிக்கிறீங்க? கைக்கா, வாய்க்கா, அடிப்பாகத்துக்கா?"

அவர் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு, சொல்லாதே என்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் போய்ப் பலகைச் சுவரைத் தட்டினேன்.

"கஞ்சிக்கு, அக்கா!"